பன்னிரண்டரைச் சுற்று

எனக்கு விசில் ஊதத் தெரியாது. இதைப் பிரின்சிபாலிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அவர், "நேர்ச்சுக்கோண்டி மேடம், கெமிஸ்ட்ரியைவிடக் கஷ்டமா?" என்றார். தெலுங்கில் கற்றுக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நான் கெமிஸ்ட்ரி நடத்துகிறவள். எங்கள் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியை வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. "அந்த இடத்துக்கு யாரையாவது போடுங்க சார், பொண்ணுங்க கிரவுண்டுல சும்மா நிக்குதுங்க" என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் நான்தான் வாயைக் கொடுத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னையே போட்டுவிட்டார். மற்ற ஆசிரியைகள் கை தட்டினார்கள். தங்கள் தலை தப்பிய சந்தோஷத்தில் தட்டிய கை அது.

மாரெட்பள்ளியில் எங்கள் கல்லூரிக்கும் பக்கத்துக் கல்லூரிக்கும் நடுவில் ஒரு மதில்தான். இரண்டும் பெண்கள் கல்லூரிகள். மாமனும் மச்சானுமாகச் சேர்ந்து ஒரே கல்லூரியாகத் தொடங்கி, சண்டை வந்து, நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டார்களாம். அவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சண்டையை மட்டும் எங்களிடம் விட்டுப்போனார்கள். ஒவ்வொரு வருஷமும் சங்கராந்தி விடுமுறை முடிந்ததும் மூன்று வாரம் போட்டி நடக்கும். சுற்றுவட்டாரக் கல்லூரிகள் எல்லாம் வரும், ஆனால் கோப்பைக்குச் சண்டை எங்கள் இரண்டு பேருக்கும்தான். கபடி, கோ-கோ, வாலிபால், த்ரோபால், டேபிள் டென்னிஸ், கேரம், செஸ், கடைசியாக ஓட்டப்பந்தயங்கள். எல்லாவற்றுக்கும் புள்ளி. அதிகப் புள்ளி எடுத்தவர்களுக்குக் கோப்பை. பல வருஷமாக அது எங்கள் பக்கம் வரவில்லை. பிரின்சிபால் அறைக் கண்ணாடி அலமாரியில் அதற்கென்று விட்ட இடத்தில் பிளாஸ்டிக் பூ வைத்திருந்தார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கத்து விளையாட்டு ஆசிரியர் நீல டிராக் சூட்டிலேயே பிறந்தவர் போல இருப்பார். கையில் ஒரு ஃபைல். அதில் புகார்ப் படிவங்கள் முன்கூட்டியே அச்சடித்துத் தயாராக இருக்கும். கபடியில் எங்கள் பெண் ஒருத்திக்கு நகம் நீளம் என்று ஒரு புகார். கேரம் போர்டில் பவுடர் அதிகம் என்று ஒரு புகார். வாலிபால் வலை ஒரு விரல் இறங்கியிருக்கிறது என்று ஏணி போட்டு அளந்தார். ஒவ்வொரு முறையும் "சாரி மேடம், ரூல் ஈஸ் ரூல்" என்று தொடங்குவார். அந்த "சாரி"யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டாவது வாரத்தில் நானும் அதே லட்சணத்துக்கு வந்துவிட்டேன். செஸ் ஆடும்போது அவர்கள் பெண் மெல்லிய குரலில் பாட்டு முணுமுணுக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தேன். இருபது வருஷம் பாடம் நடத்திய பொம்பளை எழுதுகிற எழுத்தா அது?

எங்கள் பெண்கள் உற்சாகப்படுத்துவதற்கு வைத்திருந்தது ஒரே கூச்சல். "போதாம் பா! போதாம் பா!" தெலுங்கில் போகலாம் வா என்று அர்த்தம். கேன்டீனுக்குக் கூப்பிடவும் அதுதான், பஸ் ஏறவும் அதுதான், கபடியில் ஆளை உசுப்பவும் அதுதான். முதல் நாள் அதைக் கேட்டபோது யாரோ தமிழில் "போதும்பா" என்று ஆட்டத்தை நிறுத்தச் சொல்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். கணவர் "ம்" என்றார். மகன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் இங்கிலீஷில் "நைஸ்" என்றான்.

மகனைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நடந்ததில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. எங்கள் குடும்பம் அரக்கோணத்திலிருந்து ரயில்வே பணிமனை வேலைக்காக இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தது. நான் மூன்றாவது தலைமுறை. என் தமிழிலேயே பாதி தெலுங்கும் கால்வாசி உருதுவும் கலந்திருக்கும். என் மகனிடம் அதுவும் இல்லை. தமிழில் கேட்டால் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். திட்டியும் கெஞ்சியும் பார்த்து ஓய்ந்துவிட்டேன். வீட்டில் தோற்ற இந்த விஷயத்தை ஒரு மாணவியிடமாவது ஜெயித்துக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது.

அந்த மாணவி பி.காம். கடைசி வருஷம். சனத்நகரில் ஒரு லேத் பட்டறையில் அவள் அப்பா வேலை பார்த்தார். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். ஒல்லியாக, கொக்குக் கால்களோடு இருப்பாள். பெயர்ப் பட்டியல் எழுதும்போது இனிஷியலைப் பார்த்து, "நீ தமிழா?" என்றேன்.

"ஹவ் மேடம்."

"அப்புறம் என்ன ஹவ்? ஆமான்னு சொல்லு."

"கைக்கு மேடம்?" என்று, ஏன் என்பதையும் ஹிந்தியிலேயே கேட்டுச் சிரித்தாள்.

அன்றைக்கே சட்டம் போட்டேன். என்னிடம் தமிழில்தான் பேசவேண்டும், நானும் அவளிடம் தமிழைத் தவிர வேறு பேசமாட்டேன். அவள் ஹிந்தியில் ஏதாவது கேட்டால் காது கேட்காதவள் போல நிற்பேன். தண்ணீர் பாட்டிலைக்கூடத் தமிழில் கேட்டால்தான் கொடுப்பேன். பாவம், "தண்ணி... ஹோனா மேடம்" என்று பாதி வழி வருவாள். அவளிடம் பிடிவாதம் பிடித்ததில் எனக்குப் பெருமைதான். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

அவள் ஓடியது ஐயாயிரம் மீட்டர். பெரிய மைதானத்தில் பன்னிரண்டரைச் சுற்று. ஓட்டத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, அவளுக்கு எல்லாம் தெரியும். ஒன்றே ஒன்றுதான் வராது. ஓட ஆரம்பித்தால் எத்தனை சுற்று ஆயிற்று என்று கணக்கு விட்டுப்போகும். பி.காம். படிக்கிறவள்! "ஓடறப்போ மண்டையில ஒண்ணுமே நிக்காது மேடம், நீங்க சொல்லுங்க, நான் நிறுத்தறேன்" என்று இதை மட்டும் தட்டுத் தடுமாறித் தமிழிலேயே சொல்லிவிட்டாள். அதனால் காலை ஆறு மணிக்குக் கல்லூரி மைதானத்தில் நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நோட்டில் கோடு கிழிப்பேன். எனக்கு விசில் ஊத வராததால் வாயால்தான் சொல்வேன். கடைசிச் சுற்று முடிந்ததும், "போதும்பா!" அந்தச் சொல் காதில் விழுந்த இடத்திலேயே அவள் நின்றுவிடுவாள். பிரேக் போட்ட ஆட்டோ மாதிரி அப்படியே நிற்பாள். மூன்று வாரம், ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும்.

முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்களுக்கு யூனிவர்சிட்டி அணியில் இடம். யூனிவர்சிட்டி அணியில் ஓடியவளுக்கு எம்.காம். படிக்க ஸ்போர்ட்ஸ் சீட் கிடைக்கும். அவள் மார்க்குக்கு வேறு வழியில் கிடைக்காது. கிடைக்காவிட்டால் அப்பாவின் பட்டறைக்குப் பக்கத்து கம்பெனியில் பேக்கிங் வேலை, பேசி வைத்தாயிற்று. அவள் அப்பா கெட்டவர் இல்லை. ஒரு நாள் மைதானத்துக்கு வந்து, "சீட்டு வந்தா படிக்கட்டும் மேடம், வரலேன்னா இன்னா பண்றது, சும்மா எப்படி வீட்ல வெச்சினு இருக்கறது" என்றார்.

கடைசி நாள் ஓட்டப்பந்தயங்கள் லோத்குண்டா பக்கம் ஒரு மண் மைதானத்தில் நடந்தன. கோப்பை யாருக்கு என்பது அன்றுவரை முடிவாகவில்லை. காலை எட்டு மணியிலிருந்து வெயில். மதிலுக்கு அந்தப் பக்கத்தார் தீன்மார் மேளம் கொண்டுவந்திருந்தார்கள். கல்யாண ஊர்வலத்தில் தெருவையே ஆட்டி வைக்கிற மேளம் அது. மைதானத்துக்கு எதற்கு என்று நான் புகார் எழுதினேன். ரூலில் மேளத்தைப் பற்றி ஒன்றும் இல்லை என்று நடுவர் திருப்பிக் கொடுத்தார். கடைசிச் சுற்று வரும்போது மணி அடிக்கவேண்டும், ஆனால் மணியை யார் கொண்டுவருவது என்று இரண்டு கல்லூரியும் சண்டை போட்டதில் யாருமே கொண்டுவரவில்லை. ஒருவர் டீக்கடையிலிருந்து எவர்சில்வர் தட்டும் கரண்டியும் வாங்கி வந்தார். எனக்கு அங்கேயே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"மணிய நம்பாத. நான் கோட்டுக்கிட்டயே நிப்பேன். என் குரல மட்டும் கேளு" என்று அவளிடம் சொன்னேன்.

"சரி மேடம்" என்றாள். ஹவ் சொல்லவில்லை.

ஒன்பது பேர் ஓடினார்கள். எட்டாவது சுற்றில் அவள் மூன்றாவதாக இருந்தாள். பத்தாவதில் இரண்டாவது. நான் கோடு கிழித்துக்கொண்டே இருந்தேன், கை வியர்த்துப் பேனா வழுக்கியது. அதற்கடுத்த சுற்றில் மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணை வெளிப்பக்கமாகச் சுற்றி முந்தினாள். எங்கள் பெண்கள் முப்பது பேரும் எல்லைக் கயிற்றின் மேல் சாய்ந்துகொண்டு கத்தினார்கள், "போதாம் பா! போதாம் பா!" அவள் முதலாவதாக, பின்னால் நல்ல இடைவெளி விட்டு, கோட்டை நோக்கி வந்தாள். இன்னும் ஒரே ஒரு சுற்று. தட்டுக்காரர் அடித்தார், மேளத்தில் அது யார் காதிலும் விழுந்திருக்காது. "இன்னும் ஒண்ணு" என்று நான் சொல்லவேண்டிய இடம் அது. அதைச் சொல்லத்தான் அங்கே நின்றேன்.

சொல்லவில்லை. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. வாழ்க்கையில் முதல் முறையாக என் பக்கத்து ஆள் முதலாவதாக வருகிறாள், முப்பது பெண்கள் பின்னால் கத்துகிறார்கள், என் தொண்டையிலிருந்தும் அதுவே வந்தது. கையை ஆட்டிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே கத்தினேன். "போதாம் பா! போதாம் பா!"

அவள் நின்றாள்.

கோட்டின் மேலேயே நின்று, முழங்காலில் கை வைத்துக் குனிந்து, தலையை மட்டும் நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். தினமும் காலையில் சிரிக்கிற அதே சிரிப்பு. எனக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் வந்த பெண் அவளைத் தாண்டிப் போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஓடு! ஓடுடி! இன்னும் ஒண்ணு இருக்கு!" என்று டிராக்குக்குள்ளேயே இறங்கிவிட்டேன். அவள் சிரிப்பு போவதற்குள் இன்னும் இரண்டு பேர் தாண்டிவிட்டார்கள். நின்ற காலை மறுபடி ஓட வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குப் பார்த்தேன். ஒருத்தியைப் பிடித்துவிட்டாள். இரண்டாவது ஆளைப் பிடிக்க இன்னும் நாலு எட்டுத்தான் இருந்தது. அதற்குள் கோடு வந்துவிட்டது.

மூன்றாவது.

நான் டிராக்குக்குள் இறங்கியது ரூலுக்கு விரோதம் என்று நீல டிராக் சூட் உடனே படிவத்தோடு வந்தார். நானும் மணி கேட்கவில்லை என்று ஒரு படிவம் எழுதினேன். நடுவர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, "மற்ற எட்டுப் பேரும் ஓடிக்கொண்டுதானே இருந்தார்கள் மேடம்? நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்கள்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"போகலாம் வா என்று சொன்னேன்."

"சரியாகத்தானே சொல்லியிருக்கிறீர்கள்" என்று இரண்டு படிவத்தையும் தள்ளுபடி செய்தார்.

அவள் வேப்பமர நிழலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என் மேல் எனக்கிருந்த கோபத்தை அவள் மேல் காட்டினேன். "ஏண்டி நின்ன? பைத்தியமா உனக்கு?"

"நீங்கதான மேடம் போதும்பான்னு சொன்னீங்க."

"போதாம் பான்னு சொன்னேன்! தெலுங்குல சொன்னேன்!"

அவள் ஷூ நாடாவை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "நீங்க என்கிட்ட தெலுங்கு பேசவே மாட்டீங்களே மேடம்?"

ஒரு ஹிந்திச் சொல்கூடக் கலக்காத தமிழ். நான் வீம்பு பிடித்துக் கேட்டது அதைத்தான்.

கோப்பை எங்களுக்கு வந்தது. அதுதான் பெரிய கொடுமை. அவளுடைய மூன்றாம் இடத்துப் புள்ளியைச் சேர்த்ததில்தான் நாங்கள் முந்தினோம். பிரின்சிபால் பிளாஸ்டிக் பூவைத் தன் கையாலேயே எடுத்துவிட்டுக் கோப்பையை வைத்தார். எனக்குச் சால்வை போட்டார்கள். "பாருங்கள், நேர்ச்சுக்கொண்டார்!" என்று பிரின்சிபால் எல்லோரிடமும் சொன்னார். யூனிவர்சிட்டி அணித் தேர்வுக் குழுவுக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, தப்பு என்னுடையது, அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். முதல் இரண்டு பேர்தான் என்று ஒரே வரியில் பதில் வந்தது. ரூல் ஈஸ் ரூல்.

பரீட்சை முடிந்த வாரம், விசிலையும் நோட்டையும் ஆபீஸில் ஒப்படைத்துவிடலாம் என்று காலையிலேயே போனேன். மைதானத்தில் அவள் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். திங்கள்கிழமையிலிருந்து பேக்கிங் வேலை என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினாள், நிற்கவில்லை. என் நாற்காலி பழைய இடத்திலேயே கிடந்தது. உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் நோட்டைத் திறந்து கோடு கிழித்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதிமூன்றாவது சுற்றில் என்னைத் தாண்டும்போது மூச்சு வாங்கிக்கொண்டே, "மேடம், போதுமா?" என்றாள்.

வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் போய், இன்னும் ஆகவில்லை போல என்று நினைத்து, திரும்பி அடுத்த சுற்று ஓட ஆரம்பித்தாள்.