கூடவே வந்த கொட்டகை

மகளுக்கு இரத்தினபுரியில் ஆசிரியை வேலைக்கு இன்டர்வியூ. கார் கிளம்பியதுமே ரப்பர் கருகும் நாற்றம். எங்கள் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை இருப்பதால், பழி அதன்மேல் விழுந்தது.

“அது கொட்டகை வாசம் மச்சான், நீங்க ஓட்டுங்க,” என்றார் துணைக்கு வந்த மச்சான், என் மனைவியின் அண்ணன். கார் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை, அவரே சொல்லியிருக்கிறார். எதிர்த்துப் பேசக் கூச்சப்பட்டு ஓட்டினேன்.

எஸ்டேட்டைத் தாண்டி வெகுதூரம் வந்தும் நாற்றம் விடவில்லை.

“கொட்டகையும் இன்டர்வியூவுக்கு வருதா மாமா?” என்றாள் மகள், முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி. “இந்த நாத்தத்தோட உள்ள போனா வேலை கெடைச்ச மாதிரிதான்.”

காரை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். சைலன்சரோடு சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்த ரப்பர் ஷீட் துண்டு ஒன்று உருகிக்கொண்டிருந்தது. அந்த வகையில் அது கொட்டகை வாசம்தான்.

“சைலன்சர் ஆடி சத்தம் போடுதேன்னு நேத்து நான்தான் கட்டுனேன்,” என்றார் மச்சான். “இப்ப சத்தம் இருக்கா, சொல்லுங்க?”

சத்தம் இல்லைதான். சூடு ஆறியதும் கம்பியை அறுத்து ரப்பரைச் சுரண்டி எடுத்தேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, சைலன்சர் தடதடக்க, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மகள் சேலையை முகர்ந்து பார்த்துவிட்டு நிம்மதியாக உள்ளே போனாள்.

“பாத்தீங்களா மச்சான்,” என்றார் அவர், “கொட்டகையைத் தாண்டுனதும் வாசம் போயிருச்சு.”