அன்வர் பெயரில் ஒரு கறுப்புக் கட்டம்

ஆன்லைனில் ஆங்கிலம் நடத்துவது என்றால், பதில் வருமா வராதா என்று தெரியாத கறுப்புக் கட்டங்களைப் பார்த்து ஒரு மணி நேரம் சிரித்துக்கொண்டே பேசுவது. இதே பிழைப்பில் இருக்கும் நண்பர்களே, "ஆடியோ கேக்குதா?" என்று நீங்களும் தூக்கத்தில் கேட்டிருப்பீர்கள். மரக்காணத்தில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நான் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மழை பெய்தால் ஹவுஸ்ஃபுல்

மற்ற ஊர்களில் மழை பெய்தால் வகுப்புக்கு ஆள் குறையும். இங்கே கூடும். உப்பளத்தில் மழைத் தண்ணீர் தேங்கிவிட்டால் என்னிடம் படிப்பவர்களுக்கு வேலை கிடையாது. எல்லோரும் போனைத் திறந்துவிடுவார்கள். இது புரியாமல் முதல் வருஷம் முக்கியமான பாடங்களையெல்லாம் கோடையில் வைத்துவிட்டு நொந்துபோனேன். இப்போது வானிலை அறிக்கை பார்த்துத்தான் பாடத்திட்டம் போடுகிறேன். மழை வந்தால் கரண்ட் போகும் என்பது தனிக் கதை. போன ஐப்பசியில் மூன்றாவது தடவை லைன் போய்த் திரும்பி வந்தபோது, உப்பளத் தொழிலாளி ஏழுமலை சொன்னார்: "சீக்கிரம் நடத்துங்க மிஸ், மழ வுட்டுச்சின்னா நான் வரமாட்டேன்."

குக்கர் சத்தம்

மழை, வெயில் பார்க்காமல் தினமும் வந்த ஒரே ஆள் அன்வர். மஸ்கட்டில் ஒரு கிடங்கில் ஹெல்பர். ஸ்டோர் கீப்பர் வேலைக்கு ஆங்கிலத்தில் இண்டர்வியூ இருக்கிறது, தேறாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று சேரும்போதே எழுதியிருந்தார். கேமரா கிடையாது, மைக் ரிப்பேர். பதிலெல்லாம் டைப் அடித்துத்தான் வரும். ஆனால் சரியாக வரும். அவரை உதாரணம் காட்டியே மற்றவர்களை வறுத்தெடுத்தேன்.

ஒரு நாள் கைதவறி அவர் மைக் திறந்துகொண்டது. குக்கர் விசில் அடித்தது. கூடவே ஒரு பெண் குரல் நான் சொன்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னது. யார் என்று கேட்டேன். கோட்டக்குப்பத்தில் இருக்கும் அவர் மனைவி ஷமீமா. "அவரு டூட்டில இருக்காரு மிஸ். நான் எழுதி வச்சிக்கினு, ரூமுக்கு வந்ததும் போன்ல அவருக்கு நடத்துவேன்."

தேர்வு

எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு மாத மார்க் யாருடையது? அன்வரையே பேசவைத்துச் சோதிக்காமல் சர்டிபிகேட் கிடையாது என்றேன். வெள்ளிக்கிழமை லீவில் மஸ்கட்டிலிருந்தே ஆன்லைனில் வந்தார். தயங்காமல் பேசினார். உங்கள் ஒரு நாள் வேலையைச் சொல்லுங்கள் என்றேன். மீன் கழுவுகிறேன், பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்புகிறேன், சாயங்காலம் துணி மடிக்கிறேன் என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். எல்லாம் ஷமீமா தன் வேலையை வைத்து எழுதிக்கொடுத்த வாக்கியங்கள். கிடங்கைப் பற்றிக் கேட்டதும் மறுபடியும் மீன் கழுவ ஆரம்பித்தார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபெயில் என்றேன். பக்கத்துக் கட்டத்தில் ஷமீமா சிரிக்கவில்லை. இண்டர்வியூவுக்குப் பத்தே நாள். "அவரு பெயிலு இல்ல மிஸ், நான்தான் பெயிலு. ஸ்டோர்ல என்னா இருக்கும்னு எனக்குத் தெரியாதே."

பத்து நாள் பாடம்

எனக்கு வெட்கமாகிவிட்டது. கிடங்கு ஆளுக்கு ஏர்போர்ட்டும் ஓட்டல் மெனுவும் நடத்தியது நான்தானே? எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். அன்வர் கிடங்கை போட்டோ எடுத்து அனுப்பினார். அட்டைப்பெட்டி, சேதாரம், இருப்பு, லாரி வரும் நேரம் என்று புதுப் பாடம் எழுதினேன். காலையில் நான் ஷமீமாவுக்கு, சாயங்காலம் ஷமீமா அவருக்கு. கடைசி நாள் நான் மேனேஜராக நடித்து, ஒரு பெட்டி குறைகிறதே என்று மிரட்டினேன். லாரியிலேயே குறைந்துதான் வந்தது, டிரைவர் கையெழுத்து இருக்கிறது பாருங்கள் என்று ஆங்கிலத்திலேயே ஷமீமா என்னை மடக்கினாள்.

இண்டர்வியூ அன்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மத்தியானம் ஷமீமாவிடமிருந்து போன் வந்தது; வேலை கிடைத்துவிட்டது. கண் கலங்கிவிட்டது எனக்கு. அப்படியானால் லிஸ்டில் அன்வர் பெயரை எடுத்துவிடவா என்று கேட்டேன். "எடுத்துடுங்க மிஸ். அந்த எடத்துல ஷமீமான்னு போடுங்க."

பெயர் மாறியும் அந்தக் கட்டம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. முதல் குக்கர் விசில் கேட்டதும் அட்டெண்டன்ஸில் டிக் அடித்துவிடுகிறேன்.