டயர் தடம்

எங்கள் தீவில், மாயாபந்தர் பக்கம் ஆமைகள் முட்டையிடும் கடற்கரை ஒன்று உண்டு. வண்டி இறக்கக் கூடாதென்று போர்டே வைத்திருக்கிறார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்த மச்சானிடம் பந்தா காட்ட, ஒரு சாயங்காலம் கரை நெடுக ஜீப் ஓட்டினேன்.

மறுநாள் காலை, அங்கே மறந்துவிட்ட செருப்பை எடுக்க நடந்து போனேன். காவலுக்கு இருக்கும் வாட்சர் என் டயர் தடத்தருகே குந்தியிருந்தார். இரவில் பொரித்த குஞ்சுகள் கடலுக்குப் போகும் வழியில் அந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கின்றன. மேலே ஏற முடியாமல் தடத்தோடேயே நடந்து, வெயிலில் காய்ந்து கிடந்தன.

"ரெண்டு மாசம் காத்தேன் அண்ணே. எந்தப் பாவியோ!" என்று அழுதார்.

நானும் குந்தினேன். அவரோடு சேர்ந்து பொறுக்கினேன். ஒன்றே ஒன்று உயிரோடிருந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்களே கடல்ல விடுங்கண்ணே, புண்ணியம்."

அது நெளிந்தது இன்னும் கையில் இருக்கிறது. அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.