தேருக்குக் கட்டை போட்டவர்

நாற்பத்தேழில் சட்டம் வந்து, எங்கள் ஜனங்களும் கோயிலுக்குள் போகலாம் என்று ஆனது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவன் நான். அந்தச் செய்தியைக் கோத்ததே என் கைதான். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னைப் பெற்ற நைனாதான் அசையவில்லை.

மயிலாப்பூரில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் எங்கள் குடிசை. பங்குனித் தேர் மாடவீதி முக்கில் திரும்பும்போது சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுவது நைனாவின் வேலை. கொஞ்சம் பிசகினால் கை போய்விடும். முப்பது வருஷம் அப்படி உழைத்தவர் கோபுர வாசலைத் தாண்டியதில்லை. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னாடா அவசரம்? எந்த ராஜா காலத்துலேர்ந்தோ அங்கியேதான கீது கோயிலு," என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவரை இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே சுவரில், இதற்கு முன்னால் இருந்த பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டு ஒன்றைத் தலைகீழாக வைத்துக் கட்டியிருந்தார்கள். அச்சு எழுத்தைத் தலைகீழாகவே படித்துக் கோக்கிறவன் நான், தலைகீழ் எழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் அந்தக் காலத்து எழுத்தில் 'விளக்கு' என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. அதற்குமேல் நைனா நிற்க விடவில்லை. வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். யாராவது கூப்பிட்டுக் கேட்பார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

சன்னதியில் குருக்கள் கற்பூரம் காட்டினார். நைனா எட்டிப் பார்த்தார், முகம் சுருங்கியது.

"இது யாருடா? நம்ம சாமி எங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் முகமும் கையும் காலுமாக, நகை போட்டுக்கொண்டு தேரில் வரும் உற்சவர்தான். உள்ளேயே இருக்கும் லிங்கத்தை அவர் எங்கே பார்த்தார்?

"இவருதான் நைனா மூலவரு. வெளிய வர மாட்டாரு."

"ஒரு தபாகூடவா?"

"வந்ததே இல்ல."

"அப்ப இவருக்கு என்னைத் தெரியாதே."

குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. அவருக்கும் சேர்த்து எனக்குத்தான் கோபம் வந்தது. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி முணுமுணுத்தார்கள். அவர் நகரவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்து, தேர்ச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய அதே குரலில் சொன்னார்:

"சாமி, நான்தான்! வெளிய தேருக்குக் கட்டை போடறவன்!"