சோறு இறங்கவில்லை

பிளம்பருக்குக் கூடப்பிறந்தவர் என்று இருந்தது ஓர் அண்ணன்தான். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரம், பிளம்பர் தட்டைத் தள்ளிவைத்து, "சோறு இறங்கல" என்றார். மனைவிக்கு நெஞ்சு கரைந்தது. பாழாய்ப்போன அந்த வார்த்தைக்கு நம் பேச்சில் வேறு என்ன அர்த்தம்? துக்கம் தொண்டையை அடைத்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்?

அவள் சோற்றைக் குழைய வேகவைத்தாள். அவர் வாய்க்கு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாள். "போனவரு திரும்பி வரப்போறாரா? மனசைத் தேத்திக்கங்க" என்று முதுகைத் தடவினாள். அவரும் தலையாட்டினார். தண்ணீர் வடிகிற வேகத்தைப் பார்த்தே அடைப்பு எங்கே என்று சொல்லிவிடுகிற மனுஷன், தன் நெஞ்சுக்குள் நின்றுபோன கவளத்தை மட்டும் அண்ணன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

பாலும் எதிர்த்து வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார்.

"முழுங்கினது தானா கீழ விழுறதில்லைங்க. உணவுக்குழாய் சுருங்கிச் சுருங்கி வயித்துக்குத் தள்ளிவிடுது. உங்களுக்கு அந்த வழியில கட்டி வளர்ந்திருக்கு. முதல்ல கெட்டியானது நிக்கும், அப்புறம் குழைஞ்சது, கடைசில தண்ணி. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

கட்டியை எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. சின்னக் கம்பிவலைக் குழாய் ஒன்றை உள்ளே வைத்து வழிவிடலாம், அவ்வளவுதான்.

"குழாய்க்குள்ள குழாயா? என் பொழப்புலயே கை வைக்கிறீங்களே டாக்டர்" என்று அவர் சிரித்தார். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறுதல் சொல்லிச் சொல்லியே ஆளைக் கோட்டைவிட்டோமே என்று நெஞ்சு வெந்தது.

அந்தக் குழாய் வழியே பாலும் பழச்சாறும் சில மாதம் இறங்கின. பிறகு அவரும் போய்விட்டார்.

மறுவாரம் மகள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா ஒரு வாய் எடுத்துவிட்டு, "இறங்கலடி" என்றாள். மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. கையைப் பிடித்து அதே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார் டாக்டரம்மா. "வழி சுத்தமா இருக்கும்மா. உங்களுக்கு ஒண்ணுமில்ல. துக்கம்தான்."

மகள் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். அம்மாவுக்கோ அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"வெறும் துக்கமா? அது அவருக்கு வந்திருக்கக் கூடாதா, டாக்டரம்மா?"