மூக்கில் ஈயம்

ஜொகூர் பாருவில் பல் மருத்துவர்களுக்குக் கேப்பும் பல் செட்டும் செய்து கொடுக்கும் லேப்பில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். வீட்டுக்கு வந்தால் அதே கையோடு பிளாஸ்டிக் மாடல் விமானம் ஒட்டுவேன். ஒட்டுவது யாருக்கும் வரும். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒதுக்கிவிட்டு, உலோகப் பாகங்களைத் தனியாக வாங்கிப் பொருத்துவதில்தான் என் திமிர் இருக்கிறது. பிளாஸ்டிக் சக்கரக் கால் நம்ம ஊர் வெக்கைக்கு இரண்டே வருடத்தில் வளைந்துவிடும். உலோகக் கால் போட்ட என் விமானங்களில் ஒன்றுகூட இதுவரை நொண்டியதில்லை.

என் அண்ணனுக்கு இதெல்லாம் பொம்மை. அவர் விமானப்படையில் மெக்கானிக். இரட்டை எஞ்சின் போர் விமானத்தின் வயிற்றடியிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். "என்னா பாப்பா, பொம்ம காஞ்சிருச்சா?" என்றுதான் போனில் நலம் விசாரிப்பார். நானும் சிரித்து வைப்பேன், உள்ளே சுருக்கென்று இருக்கும். அவர் ஓய்வு பெற்றபோது ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் பார்த்த அதே விமானத்தை, நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் செய்து, குளுவாங்கில் அவர் வீட்டில் நடக்கவிருந்த விருந்தன்று அவர் முன்னால் வைக்க வேண்டும். அவர் வாயில் ஒரு குறை வரக் கூடாது. அன்றோடு பொம்மை என்ற பேச்சு ஒழிய வேண்டும்.

கால்கள் உலோகம். மூக்கு நுனியில் ஊசிபோல் நீட்டியிருக்கும் குழாய் பித்தளை. நெருப்புக் கக்கும் இரண்டு பின்வாய்களும் உலோகம். மூன்று மாத வேலை. விருந்துக்கு முந்தின நாள் காலை, சாயமெல்லாம் காய்ந்து, முதல்முறையாக மூன்று சக்கரத்திலும் நிறுத்திக் கையை எடுத்தேன். விமானம் நிதானமாக மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டது.

விமானம் ஒட்டும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதற்குக் 'குந்திட்டான்' என்று பெயர். மூக்குக்குள் போதிய எடை வைக்காமல் உடலை மூடி ஒட்டினால் இப்படித்தான் ஆகும். கத்துக்குட்டிகள் செய்யும் தப்பு. அப்படிப் படம் போட்டவர்களை நான் கிண்டல் செய்தே ஓட்டியிருக்கிறேன். இத்தனைக்கும் குறிப்புத்தாள் சொன்ன எடையை வைத்துத்தான் மூடினேன். ஆனால் அந்தத் தாள் பிளாஸ்டிக் பின்வாய்களுக்கு எழுதியது. வாலில் உலோகத்தை ஏற்றியது சாட்சாத் நானேதான்.

சக்கரங்களைப் பலகையில் ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே! லேப்பிலிருந்து கொண்டுவந்த, பல் ராவும் சுழல்கருவியால் மூக்கை இணைப்புக் கோட்டோடு அறுத்தேன். தூண்டில் ஈயக் குண்டுகளைப் பசையில் குழைத்து உள்ளே அடைத்து, திரும்ப ஒட்டி, ராவி, சாயம் அடித்தேன். மாலையில் மூன்று காலிலும் நின்றது. மறுநாள் கேக் பெட்டியில் வைத்து, பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு, குளுவாங்குக்கு ஓட்டிப் போனேன்.

சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். மூக்கில் தொடங்கி ஒரு இறக்கை, வால், மறு இறக்கை என்று மேசையைச் சுற்றி வந்தார். போன் டார்ச்சை அடித்துச் சக்கரக் குழிக்குள் பார்த்தார்.

"அலமாக்! எல்லாரும் பசியோட இருக்காங்க லா," என்று சலித்துக்கொண்டார் அண்ணி. அண்ணன் காதில் வாங்கவில்லை. திரும்பவும் மூக்குக்கே வந்து நின்றார்.

"இத பிரிச்சு மூடியிருக்க."

சாயத்தின் பளபளப்பில் மயிரிழை வித்தியாசம். அதுவும் அந்தக் கண்ணுக்குத் தப்பவில்லை. மூன்று மாத உழைப்பும் போச்சு என்று நினைத்தேன்.

"ஆமாண்ணே. மெட்டல் போட்டதுல வால் பாரமாயிருச்சு. நேத்து மூக்க அறுத்து ஈயம் போட்டேன்."

"எழுதுனியா?"

"என்னத்தண்ணே?"

"எங்க கிட்ட ஒரு ஸ்குரூ கழட்டுனாலும் எழுதணும். எழுதி, கையெழுத்துப் போட்டாத்தான் ஹேங்கர்லேர்ந்து வெளிய போவும்."

சுவர்க் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தார். பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக எழுதினார்: மூக்கு திறக்கப்பட்டது. எடை சேர்க்கப்பட்டது. மூடப்பட்டது. பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல நீ போடு. வேல செஞ்சவங்க மேல, செக் பண்ணவங்க கீழ."

போட்டேன். அவர் அதற்குக் கீழே போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் குறித்தார்.

"ஆச்சு. பிளேன ஓரமா நிறுத்து பாப்பா, சாப்பிடலாம்."

பிளேன் என்றார். அண்ணி இலை போட்டுக்கொண்டிருந்தார், பிள்ளைகள் போனில் இருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. நான் பிளேனை மூன்று காலிலும் ஓரமாக நிறுத்தினேன்.