மாமா அடைத்த ரவைகள்

எங்கள் வீட்டில் இருந்த பொருட்களிலேயே கனமானது மாமாவின் இரும்புப் பெட்டகம். பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் நாங்கள் இருந்தோம். அந்தப் பெட்டகத்தை மேலே ஏற்ற அப்பாவும் மாமாவும், மாமா வேலை செய்த உணவகத்திலிருந்து வந்த இரண்டு பேரும் ஒரு முழு நாளைச் செலவழித்தார்கள். இரண்டாம் மாடியில் அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் மாடியில் ஒரு படியின் ஓரம் உடைந்தது. கடைசியில் அதை மாமாவின் அறைச் சுவரோடு பூட்டி முடித்தபோது, அதற்குள் வைக்கப்போவது ஒரே ஒரு துப்பாக்கி, மாமாவின் துவக்குத்தான் என்று தெரிந்தது. அப்பா இடுப்பைப் பிடித்தபடியே கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

மாமா அம்மாவின் தம்பி. ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். கரட்டை ஒரே அளவில் வெட்டுவதற்காகவே பிறந்தவர் என்று அவருடைய செஃப் சொல்வாராம். அந்த செஃப்தான் மாமாவை ஒருநாள் தன்னுடைய துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவர். போன அன்றே மாமா இலக்கு அட்டையின் நடுவில் சுட்டுவிட்டார். அதன்பிறகு மருத்துவச் சான்றிதழ், பொலிஸ் விசாரணை, உறுப்பினர் அட்டை என்று ஒரு வருடம் கடிதங்கள் வந்தன. எல்லாவற்றையும் வாசித்து, நிரப்பி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தது பதினொரு வயதுக்காரியான நான்.

“அங்கை ஊரிலை ஆமியிட்டைப் பட்டது போதாதோ உனக்கு?” என்று அம்மா கேட்டார்.

“அது வேறை, இது வேறை அக்கா. இது விளையாட்டு,” என்றார் மாமா.

விளையாட்டு என்றால் மற்றவர்களைப்போல ஒரு சாதாரணத் துவக்கை வாங்கியிருக்கலாம். மாமா வாங்கியது அமெரிக்க மாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் வகை. விசைக்குக் கீழே ஒரு வளையக் கைப்பிடி தொங்கும். அதை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் சுட்ட கோது, அந்த வெற்றுப் பித்தளை உறை, வெளியே பறக்கும், குழலுக்கு அடியில் உள்ள குழாயிலிருந்து அடுத்த ரவை, அதாவது முழுத் தோட்டா, மேலே ஏறி வந்து உட்காரும். உட்காரவேண்டும். மாமாவின் துவக்கில் அது பாதி வழியில் நின்றுவிடும். கடையில் வாங்கிய ரவை பத்துக்கு ஒன்று சிக்கும். யாராயிருந்தாலும் துவக்கைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். மாமாவோ, சிக்காத ரவையைத் தானே செய்வது என்று முடிவெடுத்தார்.

அன்றிலிருந்து என்னுடைய புதன்கிழமைகள் போயின. புதன்கிழமை எனக்குப் பள்ளி இல்லை, மாமாவுக்கு வேலை இல்லை. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ரவை அடைக்கும் ஒரு கையழுத்தி இயந்திரத்தைத் திருகி வைப்பார். சுட்ட பித்தளைக் கோதுகளைக் கழுவித் துடைத்து, வரிசையாக நிறுத்துவார். பக்கத்தில் ஒரு தடித்த பிரெஞ்சுப் புத்தகம். அதில் கோதின் வாயில் செருகும் குண்டான சன்னத்தில் எந்த வகைக்கு எவ்வளவு வெடிமருந்து, முழு ரவையின் நீளம் எவ்வளவு என்று பக்கம் பக்கமாகச் சிறிய எழுத்தில் அட்டவணைகள். மாமாவின் பிரெஞ்சு சமையலறைக்குப் போதும். புத்தகத்துக்குப் போதாது.

“பிள்ளை, இதிலை என்னண்டு போட்டிருக்கு?”

கோதின் வாயைச் சன்னத்தைச் சுற்றி இறுக்குவதற்குப் பிரெஞ்சில் ஒரு சொல் இருந்தது. என்னுடைய பள்ளி அகராதியில் அதற்கு, மோதிரத்தில் கல் பதிப்பது என்று போட்டிருந்தது. அப்படியே சொன்னேன். மாமா புத்தகத்தை மூடிவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு, கீழே இருந்த நகைக்கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கல் எப்படிக் கழலாமல் நிற்கிறது என்று கேட்டார். யாருக்கோ மோதிரம் போடப்போகிறார் என்று நினைத்த கடைக்காரர், அரை மணித்தியாலம் விளக்கி, அம்மாவுக்கு வாழ்த்தும் சொல்லி அனுப்பினார். அடுத்த கிழமை முழுக்க, பெண் யார் என்று தெருவில் அம்மாவை மறித்துக் கேட்டார்கள்.

தெருவுக்குத் துவக்கு விஷயம் தெரியாது. நீளமான பையோடு மாமா செஃப்பின் காருக்காகக் காத்து நிற்கும்போது யாரோ, மீன் பிடிக்கவோ என்று கேட்டிருக்கிறார்கள். மாமா, ஓம், மீன்தான் என்று சொல்லிவிட்டார். அதற்குப்பிறகு ஞாயிறு பின்னேரங்களில், மீன் எங்கே என்று கேட்காத மரக்கறிக் கடை இல்லை. ஒருமுறை வெட்கம் தாங்காமல் மாமா கடையிலேயே இரண்டு மீன் வாங்கி, பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இவ்வளவுக்கும் ரவைகள் நன்றாகத்தான் வந்தன. மாமாவின் முறை இது: முதலில் மருந்து இல்லாமல் வெறும் கோதிலும் சன்னத்திலும் சில பொய் ரவைகள் செய்வார். அவற்றைத் துவக்கில் போட்டுக் கைப்பிடியைத் தள்ளி இழுத்துப் பார்ப்பார். நீளம் கொஞ்சம் கூடினால் ஏறாது. கொஞ்சம் குறைந்தால் பின்னால் நிற்கும் ரவை மூக்கை நுழைக்கும். சிக்காமல் ஓடினால்தான் உண்மையான ரவைகளை அடைப்பார். கிளாக், கிளாக் என்று அந்த இரும்புச் சத்தம் சுவரைத் தாண்டி வரும்.

ஒருநாள் அம்மா சமையலறையிலிருந்து கையைக்கூடத் துடைக்காமல் வந்து, மாமாவின் அறை வாசலில் நின்றார்.

“இந்த வீட்டுக்குள்ளை இனி உந்தச் சத்தம் கேக்கக்கூடாது. கேட்டால் நான் வெளியிலை போயிடுவன்.”

மாமா துவக்கைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். எனக்கு இது சுத்த அநியாயமாகப் பட்டது. கீழ்வீட்டுக் கிழவருக்குக் காது கேட்காது. அவருடைய தொலைக்காட்சி எங்கள் வீட்டுத் தரையை அதிரவைக்கும். அதற்கு ஒன்றும் சொல்லாத அம்மா, ஒரு சின்ன இரும்புச் சத்தத்துக்கு ஏன் இப்படிக் குதிக்கவேண்டும்? இந்த வீட்டில் ஒருவருக்கும் சீரான மூளை இல்லை என்று முடிவெடுத்தேன்.

கிளப்பில் போட்டி வந்தது. மாமா வழக்கமாக வாங்கும் சன்னம் கடையில் முடிந்துபோய், வேறொரு வகை கிடைத்தது. அதற்கு வேறு நீளம். புதன்கிழமை மத்தியானம் மாமா புத்தகத்தை என் முன்னால் விரித்தார். அன்று என் பள்ளித் தோழிக்கு, அடுத்த மெட்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட்டில், பிறந்தநாள் விருந்து. நான் சப்பாத்தெல்லாம் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றேன். ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு எட்டிப்பார்த்து, ஒரு எண்ணைச் சொன்னேன்.

“வடிவாப் பாத்தனியோ?”

பார்த்தேன் என்று பிரெஞ்சில் கத்திவிட்டு ஓடினேன். படி இறங்கும்போதே எனக்குத் தெரியும், நான் வாசித்தது அதற்குக் கீழே இருந்த வரி. திரும்பி ஏற நாலு மாடி. பொய் ரவை போட்டுப் பார்க்கத்தானே போகிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சத்தத்துக்கு அம்மா போட்ட தடையும், அதனால் மாமா பொய் ரவை போட்டுப் பார்க்க முடியாது என்பதும் கேக் சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்தன. அப்போதும் கேக்கைச் சாப்பிட்டேன்.

சுடுகளம் புறநகரான ஓல்னே-சூ-புவாவையும் தாண்டி இருந்தது. அங்கே வேகமாகப் பேசுவார்கள் என்பதால் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். செஃப்பின் காரில் பின்னால் உட்கார்ந்து, அந்த வரியைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று நூறு தடவை நினைத்தேன். மாமா முன்னால் ரவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, புதுச் சட்டை போட்டு, அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். சொல்லவில்லை.

முதல் ரவை நடுவில். இரண்டாவதும் நடுவில். காதுமூடிகளோடு கண்ணாடிக்குப் பின்னால் நின்ற செஃப் எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். மூன்றாவதற்கு மாமா கைப்பிடியைத் தள்ளினார். பாதியில் நின்றது. இழுத்தார், வரவில்லை. திரும்பத் தள்ளினார். தடுமாற்றத்தில் உடம்பைக் கொஞ்சம் திருப்பிவிட்டார். துவக்கின் வாயும் பக்கத்துச் சுடுநரின் பக்கமாகத் திரும்பியது.

களத்துக்குப் பொறுப்பாக அன்று நின்றவர் புதியவர், பெரிய குரல்காரர். பின்னாலிருந்து ஓடிவந்து, அசையாதே, துவக்கைக் கீழே வை, கையை மேலே தூக்கு என்று கத்தினார். அது அங்கே வழமை. துவக்கு சிக்கினால் அதை மேசையில் வைத்துவிட்டு ஒரு கையை உயர்த்தி நின்றால் போதும்.

மாமா துவக்கை மேசையில் வைத்தார். பிறகு முழங்காலில் விழுந்தார். இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி தலையைக் குனிந்தார்.

எல்லோரும் சுடுவதை நிறுத்திவிட்டார்கள். சிரிக்கவைக்க ஏதோ செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. உள்ளே ஓடிப்போய் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

“மாமா, எழும்புங்கோ. எல்லாரும் பாக்கினம்!”

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தமிழும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. அதில் அவருடைய பெயர் மட்டும் எனக்குப் பிடிபட்டது. திரும்பத் திரும்ப, பள்ளியில் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல, அதையே சொன்னார். புதுச் சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. இவரோடு இனி எங்கேயும் வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

செஃப் வந்தார். அந்தப் பெரிய உடம்போடு கஷ்டப்பட்டு அவரும் தரையில் உட்கார்ந்தார். மாமாவின் காதுமூடியை மெல்லக் கழற்றினார். சமையலறையில் கூப்பிடுவதுபோலப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கோப்பி குடிப்போமா என்று கேட்டார். மாமா கைகளை மெல்ல இறக்கி, “ஓம்,” என்றார். தமிழில்தான் சொன்னார். செஃப்புக்கு அது விளங்கியது.

சிக்கிய ரவையை யாரோ எடுத்து அளந்தார்கள். மயிரளவு நீளம் கூட. மாமா அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தன்னுடைய பிழை என்று உடைந்த பிரெஞ்சில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். பெரிய குரல்காரர் மாமாவுடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. திரும்பி வரும்போது மாமா வழியிலேயே இறங்கி வேலைக்குப் போய்விட்டார்.

வீட்டில் அம்மா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். போட்டி எப்படி என்று கேட்டார். நாள் முழுக்கச் சேர்ந்த எரிச்சலை எப்படியாவது ஒரு பகிடியாக்கிவிடவேண்டும் என்று எனக்கு இருந்தது. சொல்லாமல் நடித்தே காட்டினேன். சமையலறைத் தரையில் தொப்பென்று முழங்காலில் விழுந்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்து, தலையைக் குனிந்து, மாமாவின் குரலில் அவருடைய பெயரை முணுமுணுத்தேன்.

சிரிப்புக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக முணுமுணுத்தேன்.

“கையை இறக்கு,” என்றார் அம்மா.

நிமிர்ந்து பார்த்தேன். கத்தி லீக்ஸின் நடுவில் அப்படியே நின்றது. அம்மாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. ரவை ஏன் சிக்கியது என்று கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். எப்படியென்று தெரியாது, அம்மாக்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“நான்தான் வரி மாறி வாசிச்சனான். பிறந்தநாளுக்குப் போற அவதியிலை. மாமாவிலை பிழையில்லை!”

“எந்த வரி?” என்றார் அம்மா.

ஓடிப்போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். பக்கத்தைத் தேடி எடுத்து, சொல்லியிருக்கவேண்டிய வரி இது, சொன்ன வரி அது என்று விரல் வைத்துக் காட்டினேன். அம்மா புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. தரையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். லீக்ஸ் மணத்தது. விரல் நோகுமளவுக்கு அழுத்தினார். நான் கையை உதறிக்கொண்டு எழுந்தேன். இவ்வளவு சுத்தமாக உண்மையைச் சொல்லியும் ஒரு வார்த்தை மன்னித்தேன் என்று சொல்லத் தெரியாத அம்மாவோடு இரண்டு நாள் நான் கதைக்கவில்லை.